கட்டைவிரல் இருக்கும் வரை

ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, கோயம்புத்தூர் சுந்தராபுரத்தில், சென்னியப்பன் தன் வீட்டு மிக்ஸியின் இடுப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், மிக்ஸி ஓடியது, எடுத்தார், நின்றது, மறுபடி வைத்தார், மறுபடி ஓடியது. அழுத்தினால் ஓடுவதும் விட்டால் நிற்பதும் வயதான மிக்ஸிகளின் குணம்தான் என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய மனைவி குணவதிதான், தேங்காயைப் பத்தை போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"மோட்டாரு மெக்கானிக் கடையில இருக்குதுங்க. நேத்தே கழட்டிக் குடுத்தாச்சு."

சென்னியப்பன் மிக்ஸியைச் சாய்த்து அடியில் பார்த்தார். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரப்பான் பூச்சி இருந்தது.

"ஆமா, இல்ல" என்றார்.

"அப்பச் சட்னி ஆகற வரைக்கும் கைய எடுக்காதீங்க" என்றாள் குணவதி.

அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த ஆராய்ச்சி. ஒன்பது மணிக்குள் பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனும், பத்து மணிக்குள் எதிர்வீட்டு ஆசிரியரின் சுவர்க் கடிகாரமும், மதியத்துக்குள் தெருமுனை டீக்கடையின் ரேடியோவும் அவர் விரல் பட்டு இயங்கி, விரல் எடுத்ததும் நின்றன. பழுதான எதையும் சென்னியப்பன் அழுத்திப் பிடித்தால் பிடித்திருக்கும் வரை அது வேலை செய்யும் என்பது வெள்ளிக்கிழமைக்குள் குறிச்சி வரைக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஆசிரியர் இயற்பியல் நடத்துகிறவர். அவர் மட்டும் ஒரு மீட்டரோடு வந்து விரலுக்கும் கடிகாரத்துக்கும் இடையே எதையோ அளந்து, அளந்ததை ஒரு நோட்டில் எழுதி, எழுதியதை அடித்து, கடைசியில் கடிகாரம் ஓடிய பத்து நிமிடத்தில் நேரத்தைச் சரிசெய்துகொண்டு போனார்.

ஊர் ஒரு அதிசயத்தைப் பார்த்து வாய்பிளப்பது மூன்று நாள். நான்காம் நாள் அதற்கு வரிசை போட்டுவிடும். குடியிருப்போர் சங்கம் கூடி, இது மின்சாரத்தில் சேருமா சுகாதாரத்தில் சேருமா என்று இரண்டு மணி நேரம் விவாதித்து, இரண்டிலும் சேராது என்பதால் 'இதர' என்ற தலைப்பில் தீர்மானம் எழுதி, அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டோக்கன் கட்டும் கொடுத்தது. அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தையற்கடைக்காரர் விரல் தேயாமலிருக்க ஒரு பருத்தி உறை தைத்துத் தந்தார், ஆனால் உறை போட்டால் வேலை நடக்கவில்லை. இதற்கு மக்கள் சொன்ன பெயர் 'கை வெச்சுக் குடுக்கறது'. "அண்ணன்கிட்ட ஒரு கை வெச்சுட்டு வந்தர்றேன்" என்று பெண்கள் வாஷிங் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துணி துவைத்து முடியும் வரை அங்கேயே நின்று கதை பேசி, ஈரத்துணியோடு திரும்பினார்கள்.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். மடங்காத முழங்கால்கள் மடங்கின. காது கேளாத ரங்கசாமிக் கவுண்டருக்குக் காதின் பின்புறம் விரல் வைத்தபோது பதினோரு வருடங்களுக்குப் பிறகு மருமகள் பேசுவது தெளிவாகக் கேட்டது. அவர் அரை நிமிடம் உற்றுக் கேட்டுவிட்டு, "போதும் மாப்ள, கைய எடுத்துரு" என்றார். பங்கு பிரித்ததிலிருந்து பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவரை அவர்களுடைய அம்மா இழுத்து வந்து நிறுத்த, சென்னியப்பன் இரண்டு தோளிலும் இரண்டு விரலை வைத்தார். "நல்லாருக்கியாடா" என்று அண்ணன் கேட்டான், "உனக்குச் சக்கரை எப்படி…" என்று தம்பி ஆரம்பித்தான், அதற்குள் வரிசையில் யாரோ இடித்து விரல் விலக, தம்பி பாதி வாக்கியத்தோடு வீட்டுக்குப் போனான். அந்த அம்மா அந்தப் பாதி வாக்கியத்தையே பல நாள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

விரலை எடுத்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எடுத்ததும் நிற்கும் என்பதை ஊர் தன் காலை மாலைகளோடு சேர்த்துத் தைத்துக்கொண்டது. வந்தவர்கள் எல்லோரும் போகும்போது கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் சென்னியப்பனின் நெஞ்சில் ஆணிபோல் இறங்கியது. ஏனென்றால் வேறு யாருக்கும் புரியாத ஒன்று அவருக்கு மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. இந்த விரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அதை அவரேதான் செய்தார், தை மாதத்தில், சிட்கோ தொழிற்பேட்டையில், அலுமினியத்தில்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. சென்னியப்பனின் தொழில் ஜிக் செய்வது. மின்னணுச் சாதனங்களின் உள்ளே இருக்கும் பச்சை நிற சர்க்யூட் போர்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த ஊசிகள் படுக்கைபோல வரிசையாக நிற்கும். போர்டை அதன்மேல் வைத்து மூடியை நெம்புகோலால் அழுத்தினால் ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு புள்ளியைத் தொட்டுக் கேள்வி கேட்கும். எல்லாப் பதிலும் சரியென்றால் பச்சை விளக்கு, ஒன்று தப்பினாலும் சிவப்பு. அந்தப் பெட்டிதான் ஜிக். இருபத்திரண்டு வருடங்களாக அவர் ஜிக் செய்துவந்தார்; அந்த வட்டாரத்தில் அவர் ஜிக் பச்சை காட்டினால் கடவுள் காட்டின மாதிரி.

ஜிக் செய்கிறவர்களுக்குக் கனெக்டர்களைப் பற்றி அபிப்பிராயம் இருக்கும், சென்னியப்பனுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. கனெக்டர் என்பது ஒயர் வந்து போர்டில் சொருகும் வாய். ஒரு வகைக் கனெக்டருக்கு இரண்டு பக்கமும் தடித்த முளைகள் உண்டு, அவை போர்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒயரை யாராவது இழுத்தால் அந்த இழுப்பை முளைகள் தாங்கும். இன்னொரு வகைக்கு முளை கிடையாது. இழுப்பு முழுவதும் ஈயத்தில் பற்றவைத்த மெல்லிய கால்களில் விழும், கால்கள் ஒருநாள் ஈயத்தோடு முடிபோல விரிசல் விடும். "முளையில்லாத கனெக்டரை என் கண்ணுல காட்டாதீங்க" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார், தன் மகளின் கல்யாணப் பந்தியில் சம்பந்தியிடம்கூடச் சொன்னார்.

தை மாதத்தில் முதலாளி திருமூர்த்திக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் வார்மருக்கான போர்டு, அறுநூற்று நாற்பது. முளையுள்ள கனெக்டர் வரப் பதினான்கு வாரமாகும் என்றார்கள். முளையில்லாதது மறுநாளே கிடைக்கும். திருமூர்த்தி மாதிரியை மேசையில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பிரசங்கியான சென்னியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குப் போதுங்க" என்றார்.

அது முதல் தவறு, பலரும் செய்வது. இரண்டாவது தவறு ஜிக் செய்கிறவர் மட்டுமே செய்யக்கூடியது. முதலில் அந்த ஜிக்கில், ஆஸ்பத்திரியில் சொருகுவதுபோலவே, ஒயர் முனையைக் கனெக்டருக்குள் சொருகித்தான் சோதித்தார்கள். ஐம்பது முறை சொருகினால் முனை தேய்ந்துவிடும். நாளுக்கு மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போதெல்லாம் மொத்த வரிசையும் கையைக் கட்டி நின்றது. சென்னியப்பன் அந்த ஒயர் முனையையே நீக்கிவிட்டு, கனெக்டரின் கால்களைக் கீழிருந்து தொட ஊசிகளையும், அதன் தலையை மேலிருந்து அமுக்க மூடியில் ஒரு ரப்பரையும் வைத்தார். வேலை பறந்தது. ஆனால் விரிசல் விட்ட காலைக் கீழிருந்தும் மேலிருந்தும் அழுத்தினால் விரிசல் மூடிக்கொள்ளும். அழுத்தம் இருக்கும் வரை மின்சாரம் ஓடும், பச்சை எரியும். மூடியைத் திறந்தால் கால் மறுபடி விலகும். ஆனால் திறந்த பிறகு யாரும் சோதிப்பதில்லை.

ஒருத்தர் சோதித்தார். ஜிக்கை இயக்கிய நூர்ஜகான், பதினாறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், ஒரு போர்டோடு அவர் மேசைக்கு வந்தார்.

"சார், ஜிக்குல வெச்சா பாஸ் ஆகுது. வெளிய எடுத்து ஒயர மாட்டி ஆட்டினா செத்துப்போகுது. மூணு போர்டு பாத்துட்டேன். ஜிக்கு பொய் சொல்லுதுங்க சார்."

"ஜிக்குப் பொய் சொல்லாதும்மா" என்றார் சென்னியப்பன், நிமிராமல். "ஒயரப் போயி எதுக்கு ஆட்டறீங்க? ஆஸ்பத்திரில யாரு ஆட்டப் போறா?"

"வண்டில ஏத்தினாலே ஆடும் சார்."

"நீங்க இஞ்சினியரா நான் இஞ்சினியரா?"

நூர்ஜகான் போர்டைக் கீழே வைத்தார். "நீங்கதான் சார். அப்ப நீங்களே கையெழுத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னியப்பன் போட்டார், அறுநூற்று நாற்பது. சூடு போனால் அலாரம் அடிக்குமே என்று அன்றிரவு தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அலாரத்துக்குப் போகும் ஒயரும் அதே கனெக்டர் வழியாகத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமலிருக்க அவர் ஆறு மாதம் பழகியிருந்தார். ஆறாம் மாதம் விரல் வந்தது.

ஆடி இருபத்தெட்டாம் தேதி காலை வரிசையில் நாற்பத்தொரு பேர் இருந்தபோது ஒரு ஆஸ்பத்திரி வண்டி தெருவுக்குள் நுழைந்தது. வெள்ளை உடுப்போடு இறங்கிய அம்மாள் டோக்கன் வாங்கவில்லை.

"யாருங்க கை வெக்கறவரு?"

எல்லோரும் காட்டினார்கள்.

"நான் ஃபிலோமினா, பொள்ளாச்சி ரோட்டு ஆஸ்பத்திரில குழந்தைங்க வார்டு சிஸ்டர். எங்க வார்மர் ஒண்ணு விட்டு விட்டு எரியுதுங்க. அலாரமும் அடிக்க மாட்டேங்குது. மத்த ரெண்டுலயும் குழந்தைங்க இருக்கு. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். இது ஒண்ணே கால் கிலோ குழந்தைங்க சார்."

"என்ன கம்பெனி வார்மருங்க?" என்று கேட்டார் சென்னியப்பன். சிஸ்டர் சொன்னார். சென்னியப்பன் உள்ளே போய்த் தன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். வரிசையில் முதலில் நின்றிருந்த பெண் தன் கிரைண்டரைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்கண்ணா, புள்ளைக்கு மொதல்ல" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில், வார்மரின் பக்கவாட்டுத் தகட்டில் விரலை வைத்ததும் மேலே சூடேற்றும் கம்பி செம்மஞ்சளாகச் சிவந்தது. மெத்தையில் ஒரு கைக்குட்டை அளவு உயிர் கிடந்தது. காலில் கட்டிய சீட்டில் 'பேபி ஆஃப் நாகேஸ்வரி' என்றிருந்தது. பத்து நிமிடத்தில் அதன் நீலம் குறைந்தது. அரை மணியில் அது கொட்டாவி விட்டது. சிஸ்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வார்டும் ஊர் மாதிரிதான். முதலில் எட்டிப் பார்த்தது, பிறகு ஒரு ஸ்டூல் கொடுத்தது. ஆயாம்மா இட்லியைப் பிய்த்துப் பிய்த்து அவர் வாயில் ஊட்டி, "மெல்லுங்க சாமி, விரலு நகந்துறப் போவுது" என்றாள். பக்கத்து வார்மர் குழந்தையின் அப்பா செத்துப்போன செல்ஃபோனை நீட்டி, "இடது கை சும்மாதானுங்களே இருக்கு?" என்று கேட்டு மூன்று பேருக்குக் குழந்தை பிறந்த செய்தி சொன்னார்.

"பையில ஆயுதமெல்லாம் இருக்குதே" என்றார் சிஸ்டர், பத்து மணிக்கு. "கொஞ்ச நேரம் வெந்நிப் பை வெச்சுச் சமாளிக்கறோம். தொறந்து பாத்தா என்ன?"

"தொறந்தா வாரண்டி போயிருங்க சிஸ்டர்."

அவர் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். ஆனால் சொல்லும்போது விரல் ஒரு நூல் நழுவியது, மேலே கம்பியின் சிவப்பு ஒரு கணம் மங்கியது, குழந்தை முகத்தைச் சுளித்தது. திறந்தால் போர்டு தெரியும், போர்டின் மூலையில் ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்து தெரியும். திறக்காவிட்டால் அவர் காப்பாற்றுகிறவர். அந்த அறையில் அவரைத் தவிர எல்லோரும் அவரை நேசித்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அறுவை வார்டிலிருந்து நாகேஸ்வரியைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். இருபத்தாறு வயதிருக்கும், நூல் மில் வேலைக்காரி, மூன்று கரு கலைந்து நான்காவதாக நின்ற குழந்தை இது. அவள் குழந்தையை முதன்முதலாகப் பார்த்தாள், பிறகு தகட்டில் பதிந்திருந்த விரலைப் பார்த்தாள், பிறகு குனிய முடியாமல் குனிந்து அந்த விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க பேரு என்னங்கண்ணா?"

"எதுக்கும்மா?"

"புள்ளைக்கு வெக்கறதுக்கு."

ஒரு பெயரைச் சொன்னால் போதும். இந்தப் பெண் எழுபது வயது வரை அந்தப் பெயரைக் கூப்பிட்டுச் சோறு போடுவாள்.

"அம்மாதான் வந்தாச்சே" என்றார் சிஸ்டர். "மாரோட ஒட்டி வெச்சுப் போர்வைய மூடிட்டா அம்மா சூடே போதும், தெனமும் செய்யறதுதான். நீங்க பாவம் கைய எடுங்க சார், நாலு மணி நேரமாச்சு."

குழந்தையை எடுத்து நாகேஸ்வரியின் மார்பில் வைத்துப் போர்வையைப் போர்த்தினார்கள். மெத்தை காலியானது. விரலுக்குக் கீழே இப்போது காப்பாற்ற ஒன்றுமில்லை. ஆனாலும் சென்னியப்பன் விரலை எடுக்கவில்லை.

"என் பேர வெக்காதீங்கம்மா" என்றார்.

"ஏனுங்கண்ணா?"

"இதுக்குள்ள இருக்கற போர்டுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டவன். கெட்டதுன்னு தெரிஞ்சும் போட்டேன். ஒருத்தங்க வந்து சொன்னாங்க. அவங்கள வாய மூட வெச்சேன்."

சொன்னதும் அவர் விரலை எடுத்தார். கம்பி கருத்தது. அலாரம் அடிக்கவில்லை. அடிக்காத அந்த அலாரத்தை அறையிலிருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதலில் பேசியது சிஸ்டர். குரலில் 'சார்' போயிருந்தது. "எத்தனை?"

"அறுநூத்தி நாப்பது."

"எங்கெங்க?"

"எனக்குத் தெரியாது. கம்பெனில லிஸ்ட் இருக்கு."

"ஃபோன் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடுங்க."

மதிய உணவு நேரம். கம்பெனி ஃபோனை எடுத்தவர் நூர்ஜகான். சென்னியப்பன் தன் பெயரைச் சொன்னார். "அந்தப் போர்டு விசயம். நீங்க சொன்னதுதான் சரிங்கம்மா. ஜிக்குதான் பொய். இங்க ஒரு வார்மர் நின்னுபோச்சு."

அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம். "குழந்தை?"

"இருக்குது."

"அல்லா." பாக்ஸ் தள்ளி வைக்கப்பட்டது. "ஆறு மாசமுங்க சார். தெனமும் அந்த மூணு போர்டும் என் கண்ணுல வரும். நீங்க மட்டும் எப்படித் தூங்கினீங்க?"

சென்னியப்பன் ஃபோனை இன்னும் கிட்டப் பிடித்தார். "எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லோணும். இப்பவே. வார்மர நிறுத்தச் சொல்லி."

"மொதலாளி ஒத்துக்க மாட்டாரு."

"கையெழுத்து என்னோடது. என் பேரச் சொல்லுங்க."

"சொல்லாம?" என்றார் நூர்ஜகான். நாற்காலி தள்ளப்பட்டது, செருப்புச் சத்தம் நடந்தது, ஒரு கதவு திறந்தது. "ஐயா, லிஸ்ட எடுங்க" என்ற குரலும், "சாப்புடற நேரத்துல என்னம்மா…" என்ற திருமூர்த்தியின் குரலும், அதற்கு மேல் ஏறி "ஐயா, லிஸ்ட எடுங்க" என்று மறுபடி அதே குரலும் கேட்டன. சிஸ்டர் ஃபோனை வாங்கி ஆஸ்பத்திரியின் பெயரையும் தன் பெயரையும் சொல்லி, "ஒரு மணிக்குள்ள லிஸ்ட் எனக்கும் வரோணும், வரலைன்னா கலெக்டர் ஆபீசுக்கு நானே போறேன்" என்றார்.

பிறகு சென்னியப்பன் பையைத் திறந்தார். தகட்டைக் கழற்றி, போர்டை வெளியே இழுத்து, சன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்தார். அவர் கூப்பிடாமலே நாகேஸ்வரி நாற்காலியைத் தள்ளச் சொல்லிப் பக்கத்தில் வந்தாள்.

"எங்க?"

"இதா. முடி மாதிரி ஒரு கோடு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவுதானா" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்தார், புதிதாகப் பற்றவைத்தார், ஒயரின் இழுப்பு காலில் விழாதபடி சட்டத்தோடு சேர்த்துக் கிளிப் போட்டுக் கட்டினார். ஒயரைப் பிடித்து ஆட்டினார், மேலும் கீழும், பக்கவாட்டிலும், மூன்று நிமிடம், வார்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க. சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றி அலாரம் அலறுகிறதா என்று பார்த்தார், அலறியது. "இதும் தற்சமயத்துக்குத்தான், போர்டையே மாத்தோணும்" என்று சொல்லிக்கொண்டே மூடினார். பழக்கத்தில் கட்டைவிரல் தகட்டை நோக்கிப் போனது. அதைத் தடுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கடி தள்ளி நின்றார்.

கம்பி சிவந்தது. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் காத்திருந்தார், வெப்பமானியைப் பார்த்தார், மெத்தையைத் தொட்டுப் பார்த்தார்.

"சரியா இருக்குதும்மா. குழந்தைய வெக்கலாம்."

நாகேஸ்வரி வார்மரைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற மனிதரைப் பார்த்தாள்.

"இருக்கட்டுங்க சிஸ்டர்" என்று போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். காலி மெத்தைக்கு மேலே வார்மர், யார் கையும் படாமல், ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.